இறங்கிய பின் இருக்கும் தூரம்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி மார்க்கமாகப் புறப்படும் மின்சார ரயிலில், இரவு ஒன்பது மணிக்கு மேல் மகளிர் பெட்டியில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓடிவந்த மூச்சு சற்றே அடங்கியதும், அடுத்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஒரு பெண் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “நீங்க எங்கம்மா எறங்குவீங்க?” பேச்சுக்குத் துணை தேடும் உபசார வார்த்தையென்று இதை எண்ணுகிறவர் இந்தத் தடத்துக்குப் புதியவராகத்தான் இருக்கவேண்டும். கேட்கிறவள் மனத்துக்குள் கணக்குப் போடுகிறாள். வில்லிவாக்கத்தில் பாதிப் பெட்டி காலியாகும். கொரட்டூரில் இன்னும் சிலர் போவார்கள். பட்டரவாக்கத்தில் தொழிற்பேட்டை வேலை முடிந்த இரண்டொரு பெண்கள் ஏறினாலும் ஏறுவார்கள். அம்பத்தூர் கழிந்துவிட்டால் மிச்சமுள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மிச்சத்தில் தனக்குக் கடைசிவரை துணையாக வரக்கூடியவள் எவள், அவளும் இறங்கியபின் எத்தனை நிமிஷம் தான் ஒருத்தியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு.

பள்ளி ஆசிரியையாக முப்பதாண்டுகளுக்கு மேல் இந்தத் தடத்தில் போய்வந்தவள் நான். ஓய்வு பெற்றபின் இரவு வண்டியில் ஏறும் சந்தர்ப்பம் அபூர்வமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்திலிருந்து திரும்பிய இரவில், எதிரே உட்கார்ந்த பெண் இதே கேள்வியை என்னிடம் கேட்டாள். “திருமுல்லைவாயல்மா, நீ?” என்றேன். “இந்துக் காலேஜும்மா” என்றாள். சொல்லும்போதே அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கப்பால் அவளுக்கு மூன்று நிலையங்கள். அவளுக்காக நான் இந்துக் கல்லூரி நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கலாமே என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றிற்று. தோன்றிய மறுகணமே, அப்படிச் செய்திருந்தால் திரும்பும் வண்டியில் தனியாக உட்கார்ந்திருப்பவள் நானாக இருந்திருப்பேன் என்பதும் விளங்கிற்று.

தனியே பிரயாணம் செய்யும் பெண்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மேடைகளிலே இவ்விஷயம் வரும்போதெல்லாம் நள்ளிரவும் நகையும்தான் முன்னே வந்து நிற்கின்றனவே தவிர, இரவு ஒன்பதே முக்கால் மணியும் சாப்பாட்டுப் பையும் வருவதில்லை. நகை பூண்டு நள்ளிரவில் உலாவவேண்டும் என்ற ஆசை எந்தப் பெண்ணுக்கு இருக்கிறதோ நான் அறியேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது.

அவர்கள் எப்படி இந்தத் தடத்துக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடியது இந்த வழியாகத்தான். அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் ஏரியும் வயலும் கோயிலுமாகக் கிடந்த இப்பிரதேசம், ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணிச் சமுதாயத்துக்கான தீர்மானத்தை நிறைவேற்றிய பின், கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அடுத்தடுத்து எழும்ப, பத்தே ஆண்டுகளில் வேறொரு ஜன்மம் எடுத்தது. பட்டறைகளும் கடைசல் இயந்திரங்களுமாக ஆண்களின் ராஜ்யமாக இருந்த எஸ்டேட்டில் பிற்காலத்தில் ஆயத்த ஆடைக் கம்பெனிகள் வந்தன. அவற்றோடு பெண்கள் வந்தார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த ஐ.டி. கட்டடங்கள் வந்தபோது இன்னும் பலர் வந்தார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் பெருகியபோது செவிலியரும் மாணவியரும் வந்தார்கள்.

இங்கே ஓர் இடைச்செருகலுக்கு வாசகர்கள் இடம் தரவேண்டும். அம்பத்தூரின் பழைய பெருமைகளில் ஒன்று, 1949-ல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தேசமெங்கும் ஓடிய சைக்கிள்கள் இந்த ஊரில் செய்யப்பட்டவை. சைக்கிள் பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தன் வாகனம் தன் காலடியில் இருக்கிற பெண் எவரிடமும் “எங்கே இறங்குவீர்கள்” என்று கேட்கவேண்டியதில்லை. சைக்கிள் செய்து அனுப்பிய அம்பத்தூரிலேயே, நிலையத்திலிருந்து வீடுவரையுள்ள ஒரு மைல் தூரத்தை இரவில் சைக்கிளில் கடக்கும் பெண்ணைக் காண்பது அரிதாக இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சட்டத்தின் கதை வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கலாகாது என்று விதித்திருந்தது. தொழிலாளரையும் பெண்ணையும் ஒரே பேனாவால் எழுதியவரும், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய முன்னோடிகளில் ஒருவருமான திரு.வி.க. பிறந்த துள்ளம், பூந்தமல்லிக்கு அணித்தான சிற்றூர். ‘பெண்ணின் பெருமை’ எழுதிய அவருக்கும் கூட, இரவு ஷிப்ட் முடிந்து தனியே வீடு திரும்பும் பெண் தொழிலாளி என்ற தோற்றம் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. அந்த ஏழு மணி வேலியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. செய்யும்போதே, போக்குவரத்து வசதி உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. 2019-ல் கடைகளும் நிறுவனங்களும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டபோதும், இரவு 8 மணிக்கு மேல் பெண்ணை வேலைக்கு வைக்க அவளுடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும், தக்க பாதுகாப்பு வேண்டும், வாகன வசதி வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஆக, இரவு பெண்ணுக்குச் சட்டப்படி திறந்தாயிற்று. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது எளிதாகவும், வேன் ஏற்பாடு செய்வது செலவாகவும் இருப்பதனால் இரண்டில் எது தவறாமல் நடக்கிறது என்பதைத் தொழிற்பேட்டையின் வாசலில் இரவு ஒன்பது மணிக்கு நின்று பார்க்கிற எவரும் அறியலாம்.

இப்போது நிலையத்தில் இறங்கிய பெண்ணோடு சற்று நடந்து பார்ப்போம். அவள் நிற்கும் மேடை ரயில்வேக்குச் சொந்தம். அங்கே எரியும் விளக்கும் ரயில்வேயினுடையது. படியிறங்கி வெளியே வந்ததும் காலடியில் இருப்பது உள்ளாட்சியின் தெரு. அவ்வுள்ளாட்சியும் ஒன்றன்று: அம்பத்தூர் 2011-லிருந்து சென்னைப் பெருநகர மாநகராட்சிக்குள் இருக்கிறது, ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லியோ நகராட்சி. தெரு போய் முட்டுகிற சி.டி.எச். சாலை (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அந்தச் சாலையில் அவள் காத்து நிற்கும் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. அவளைப் பின்தொடர்கிறவன் ஒருவன் இருந்தால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை அவன் ரயில்வே போலீசாரின் பொறுப்பு. இந்தப் பக்கம் வந்துவிட்டால் 2022 ஜனவரியில் ஏற்பட்ட ஆவடி போலீஸ் ஆணையரகத்தின் பொறுப்பு. இருநூறு அடி நடையில் ஆறு சமஸ்தானங்களைக் கடந்துபோகிறாள் நம் பிரயாணி. சமஸ்தானங்கள் சந்திக்கும் எல்லைகளில்தான் எப்போதும் இருட்டாக இருக்கிறது. ஏனெனில் அந்த இடத்து விளக்கு யாருடையது என்பது தீர்மானமாவதில்லை.

அனுபவமில்லாமல் இதைச் சொல்லவில்லை. நான் நடக்கும் வழியில் ஒரு கம்பத்து விளக்கு ஒரு மழைக்காலத்தில் அணைந்தது; மாங்காய்க் காலம் வந்தும் எரியவில்லை. ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். “கம்பம் எங்களுடையது, விளக்கு அவர்களுடையது” என்றார்கள். அவர்களிடம் போனேன், “விளக்கு எங்களுடையது, கேபிள் தோண்ட இன்னொருவர் அனுமதி வேண்டும்” என்றார்கள். அலுவலகங்களின் பெயரைச் சொல்வதில் பிரயோஜனமில்லை, மனுவை வாங்கிய குமாஸ்தாக்கள் இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். கடைசியில் எதிர்ப்புறத்து மளிகைக் கடைக்காரர் தம் கடைப் பலகைக்கு மேலே ஒரு பல்பை மாட்டி, கடை அடைத்தபின்னும் அணைக்காமல் விட்டுவைத்தார். அவர் கட்டிய மின்கட்டணத்தில் எங்கள் தெருப் பெண்கள் பல மாதம் நடந்தார்கள்.

இந்தச் சிதறலை ஒன்றுகூட்டுவதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010-ல் நிறைவேறிற்று. அந்தக் குழுமத்தின் முயற்சியால் 2025-ல் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் செயலி வந்துவிட்டது, பாராட்டவேண்டிய காரியம். டிக்கெட் ஒன்றானதுபோல் கால அட்டவணையும் ஒன்றாகவேண்டும் என்பதுதான் இனி கேட்கவேண்டியது. இரவு பத்தேகாலுக்கு ‘யூனிட்’ என்று நாங்கள் சொல்லும் மின்சார ரயில் வந்து நிற்கிறது. கடைசிப் பேருந்து பத்து மணிக்கே போய்விடுகிறது என்றால், அந்தக் கால்மணி நேரத்து வித்தியாசத்தை அட்டவணை எழுதிய அதிகாரி காகிதத்தில் பார்க்கிறார், ஒரு பெண் அதை இருட்டிலே நின்று பார்க்கிறாள். மறுநாள் முதல் அவள் மேற்பார்வையாளரிடம், “சார், ஓவர்டைம் வேணாம் சார்” என்று சொல்லிவிடுகிறாள். குற்றப் பதிவேட்டில் இது வராது. அவளுடைய சம்பளத்தில் வரும்.

கட்டணமில்லாப் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவளாவேன். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசின்றிப் போகலாம் என்று வந்து, பிற்பாடு விடியல் பயணம் என்று பெயர் பெற்ற ஏற்பாடு, பெண்களின் பர்ஸுக்குச் செய்த உபகாரம் எல்லாரும் அறிந்தது. அது பாதுகாப்புக்குச் செய்த உபகாரத்தைப் பலர் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் பகல் பதினொரு மணிக்குப் பூந்தமல்லிப் பேருந்தில் பெண்கள் பக்கம் பாதி காலியாக இருக்கும். இன்று உட்கார இடமில்லை. நிறையப் பெண்கள் இருக்கிற பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு வருகிற தைரியத்தை எந்தக் கேமராவும் கொடுத்துவிட முடியாது. ஆனால் இலவசம் எந்தப் பலகைக்கு உரியதோ அந்தச் சாதாரணப் பேருந்துதான் இரவு ஏற ஏற முதலில் குறைந்துபோகிறது. குமணன்சாவடியிலும் கரையான்சாவடியிலும் ஒன்பது மணிக்கு மேல் நிற்பவர்களுக்கு அடுத்த கதி ஷேர் ஆட்டோ. அதில் ஏறுவதற்கென்று பெண்கள் ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறார்கள்: உள்ளே ஏற்கெனவே ஒரு பெண் இருக்கவேண்டும், பின் சீட்டின் ஓரமே வேண்டும், நடு ஆகாது, வண்டி நம்பரை ஏறுமுன் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பவேண்டும், வழியிலே போனில் யாருடனாவது பேசிக்கொண்டே வரவேண்டும், எதிர்முனையில் ஒருவரும் இல்லாவிட்டாலும். பூந்தமல்லிக்கு மின்சார ரயில் கிடையாது. கலங்கரை விளக்கத்திலிருந்து 26.1 கிலோமீட்டர் நீளத்தில் வரும் மெட்ரோ தடத்தை அவ்வூர்ப் பெண்கள் ஆவலோடு எதிர்நோக்குகிறார்கள். தூணுக்கு மேலே ரயில் வரும். தூணுக்குக் கீழே என்ன இருக்கும் என்பதுதான் என் விசாரம்.

இன்னொரு சங்கடத்தைப் பத்திரிகையில் எழுதுவதற்குக் கூச்சப்பட்டுப் பயனில்லை. மாலை நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று வழக்கம் வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். வழியில் இரவில் திறந்திருக்கும், வெளிச்சமுள்ள, தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடம் ஒன்றை நம்பி வரமுடியாது என்பதே காரணம். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவேண்டாம்.

மகளிர் பெட்டிக்குத் திரும்புகிறேன். பெண்களுக்கென்று தனிப் பெட்டி, தனி வண்டி என்பவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். நெரிசல் வேளையில் அவை பெரிய வரம். பம்பாயில் 1992-ல் மகளிருக்கென்றே ஒரு முழு மின்சார வண்டி விட்டபோது அது உலகச் செய்தியாயிற்று. ஆனால் தனிப் பெட்டி என்பது அதிலே பெண்கள் நிரம்பியிருக்கும்வரைதான் பாதுகாப்பு. 2025 பிப்ரவரி 6 அன்று, கோயம்புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் இன்டர்சிட்டி விரைவு வண்டியின் மகளிர் பெட்டியில் நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்துகொண்டிருந்தார். உடனிருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள். அங்கே ஏறிய ஒருவன் அவரிடம் அத்துமீற முயன்று, அவர் எதிர்த்தபோது ஓடும் வண்டியிலிருந்து தள்ளினான். அவர் உயிர் பிழைத்தார், கருவிலிருந்த சிசு பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு, 2011 பிப்ரவரி முதல் தேதி, கேரளத்தில் எர்ணாகுளம்–ஷொர்ணூர் வண்டியில் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருவர் தாக்கப்பட்டதும் ஆளில்லாத மகளிர் பெட்டியில்தான். அவர் ஐந்து நாளில் இறந்துபோனார். ‘மகளிர் மட்டும்’ என்று எழுதிய பலகை, காலியான பெட்டியில், உள்ளே இருப்பவள் ஒருத்தி என்று வெளியே அறிவிக்கும் பலகையாக மாறிவிடுகிறது. இந்தத் தடத்தில் பழகிய பெண்கள் பத்து மணிக்கு மேல் பேசாமல் பொதுப் பெட்டிக்கு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே குடும்பத்தோடு வருகிறவர்கள் இருப்பார்கள், பூக்கூடையோடு வருகிறவர் இருப்பார், தூங்கி வழிகிறவர் இருப்பார். ஆள் நடமாட்டம் இருக்கும்.

ஆள் நடமாட்டம் என்ற இந்தச் சொல்லில் நம் ஜனங்களின் பாதுகாப்பு சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் வெகுநாள் நம்பினேன். அந்த நம்பிக்கையை 2016 ஜூன் 24-ஆம் தேதி அசைத்துவிட்டது. நுங்கம்பாக்கம் நிலையத்தில், பொழுது நன்றாக விடிந்துவிட்ட வேளையில், வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த மென்பொறியாளர் ஒருவர், ஜனங்கள் நின்றிருந்த மேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்கள் இருந்தார்கள். நிலையத்தில் கேமரா ஒன்று இல்லை என்பதைப் பற்றி அப்போது எல்லாரும் பேசினார்கள். இருந்த கண்களைப் பற்றிச் சிலரே பேசினார்கள். 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ரயில்முன் தள்ளப்பட்டதும் பட்டப்பகலில்தான். இவ்விரண்டிலும் போலீசார் சொன்ன விவரம், கொன்றவன் இருட்டிலிருந்து வந்த அந்நியன் அல்லன், அந்தப் பெண்ணைப் பல நாளாகத் தொடர்ந்துவந்தவன் என்பதே. பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏறியது 2013-ல்தான். ஏறியபின்னும், “ஒருத்தன் தினமும் பின்னாலேயே வரான்” என்று வீட்டில் சொன்னால், “இனிமே வேலைக்குப் போகவேண்டாம்” என்பதே பல வீடுகளில் முதல் தீர்ப்பு. பின்தொடர்ந்தவன் வழக்கம்போல் வேலைக்குப் போவான். பின்தொடரப்பட்டவள் வீட்டில் இருப்பாள். ஆதலால் பெண்கள் புகாரைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். நடமாடுகிற ஆள் துணையாகவும் நிற்கவேண்டும், சொல்லைக் கேட்கவும் வேண்டும் என்பதை நான் இவற்றிலிருந்து கற்றுக்கொண்டேன்.

சட்டங்கள் நம்மிடம் ஏராளம். 1998-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த வாலிபர்களின் சேஷ்டைக்குப் பலியானதை ஒட்டி, தமிழகம் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. பேருந்தில் தொல்லை நடந்ததாகப் பெண் சொன்னால் வண்டியை அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லவேண்டும் என்று அது சொல்கிறது. 1999-ல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் இரவு பதினொரு மணிக்குத் தொல்லைக்குள்ளான ஒரு பெண்ணின் கதை, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவர் தனியாக இல்லை, கணவரோடு நின்றிருந்தார்; தொல்லை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு வேலைநீக்கம் செய்யப்பட்டவர் ஒரு போலீஸ்காரர். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 30 அன்று, பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சாதாரண உடையில் பெண் போலீசாரை நிறுத்தவேண்டும், கேமரா வைக்கவேண்டும், உதவி எண் வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. பதினாறாம் நாள், டிசம்பர் 16 அன்று, டெல்லியில் ஓடிய பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை எல்லாருக்கும் தெரியும். அதன்பின் நிர்பயா நிதி வந்தது. அந்த நிதியில் சென்னைப் பேருந்துகள் 2,500-ல் கேமராவும் அபாயப் பொத்தானும் பொருத்தும் திட்டம் வந்தது. 181, 112 என்று எண்கள் வந்தன. காவலன் செயலி வந்தது. 2025-ல் பெண்களே ஓட்டும் பிங்க் ஆட்டோ வந்தது. ஒவ்வொன்றும் நல்லது. ஆனால் பொத்தான் என்பது ஆபத்து வந்தபின் அழுத்துவது. பேருந்தே வராத நிறுத்தத்தில் அது எங்கே இருக்கிறது?

இதற்கெல்லாம் மாற்றாகச் சில பெரிய கம்பெனிகள் கண்ட உபாயம், பெண்ணை நகரத்திலேயே விடாமல் இருப்பது. விடுதியிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து ஆலை, ஆலையிலிருந்து மறுபடியும் விடுதி. அவளுக்கு ஒரு தீங்கும் வராது, ஊரும் வராது. பூந்தமல்லி வட்டாரத்து விடுதி ஒன்றில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போய்வந்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் 2021 டிசம்பரில் கெட்டுப்போன உணவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களுடைய தோழிகள் ஓர் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘பத்திரமாக’ ஏற்றி இறக்கப்பட்டு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில், இரவு முழுதும், மார்கழிப் பனியில் திறந்த வெளியில் இருந்தார்கள். அந்த இரவைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இந்தப் பிராந்தியத்தில் பெண்கள் இரவில் சாலையைத் தங்களுடையதாக வைத்திருந்த ஒரே இரவு அது போலும். அதுவும் கோபத்தால் கிடைத்தது.

கூட்டமாகப் போனால் நம் சமூகம் பெண்ணைத் தடுப்பதில்லை. பௌர்ணமியும் வெள்ளியும் கூடிய நாளில், காலையில் மேலூர்த் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் எங்கள் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் என்று மூன்று ஊரையும் ஒரே நாளில் சுற்றிவரும் பெண்களை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. தனியே போகிறவளுக்குத்தான் கேள்வி. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், தனியே நெடும்பயணம் போன ஒரு பெண்ணின் சரித்திரத்தைப் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். கணவன் கைவிட்ட புனிதவதி, அவனுக்காகச் சுமந்த அழகும் தசையும் இனி வேண்டாமென்று இறைவனிடம் கேட்டு, பேய் வடிவம் பெற்று, அதன்பிறகே கயிலைக்கு நடந்தார். காரைக்கால் அம்மையாராகக் கடைசியில் வந்து தங்கிய திருவாலங்காடு, இதே ரயில் பாதையில் திருவள்ளூருக்கு அப்பால் இருக்கிறது. பக்தியின் உச்சம் என்று பெரியோர் இதற்குப் பொருள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. இரவு வண்டியில் வந்த காலங்களில் எனக்கு வேறொன்றும் தோன்றும்: பெண் தனியே வழி நடக்கவேண்டுமானால் பார்ப்பவர் அஞ்சி விலகும் உருவம் எடுக்கவேண்டியிருந்தது. இன்று பேயுரு எடுக்க வழியில்லாத பெண்கள் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொள்கிறார்கள்.

இனி ஆகவேண்டியது என்னவென்று கேட்டால், பெரிய திட்டம் ஒன்றும் என் கையில் இல்லை. கனடாவின் டொரண்டோ நகரத்தில் 1991 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது: இரவு 9 மணிக்கு மேல் தனியாக வரும் பெண், நிறுத்தங்களுக்கு இடையே தன் வீட்டுக்கு அருகான இடத்தில் நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்துவார். செலவில்லாத காரியம். நம் கிராமத்துப் பேருந்துகளில் “கண்டக்டரே, அந்தப் புளியமரத்தாண்ட எறக்கி விடுங்க” என்றால் இன்றும் நிற்கும். அந்தப் பழைய தாட்சண்யத்தைப் பட்டணத்து இரவுப் பேருந்துக்கு ஓர் உத்தரவாக எழுதிக் கொடுத்தால் போதும். கடைசி யூனிட் வந்து பத்து நிமிஷம் ஆகும்வரை கடைசிப் பேருந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் காத்திருக்கலாம். நிலைய வாசலில் இரவுக் கடைகளை ஒழுங்காக இருக்கவிடலாம். பூக்காரம்மாவையும் இட்லிக் கடையையும் ஆக்கிரமிப்பென்று அகற்றிவிட்டு அந்த இடத்திலே ஒரு கேமராவை நட்டுவைப்பது எனக்கு விவேகமாகத் தோன்றவில்லை. விளக்கு யாருடையது என்ற வியாஜ்ஜியத்தை, முதலில் எரியவிட்டு, பிறகு நடத்தலாம்.

நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. சென்னை, ஆவடி மாமன்றங்களிலும் பூந்தமல்லி நகர்மன்றத்திலும் வார்டு வார்டாக அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏதாவது ஒரு நாள், முன்கூட்டி எவருக்கும் சொல்லாமல், இரவு பத்து மணி யூனிட்டில் மகளிர் பெட்டியில் ஏறி, தத்தம் நிலையத்தில் இறங்கி, வீடுவரை நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ தனியே போய்ச் சேருங்கள். மறுநாள் மன்றத்தில் பேசுவதற்கு வேறு குறிப்பு வேண்டியிருக்காது. கார் வேண்டாம்; உதவியாளர் வேண்டாம்; கணவன்மார்களும் அன்றைக்கு ஒரு நாள் வீட்டிலேயே இருக்கட்டும்.